அவுட்போர்டு மோட்டார் ஆடுகிறதா? டில்ட் டியூப் புஷ், ரப்பர் மவுண்ட் மாற்றும் முறை

[காட்சி: இறக்கிவைத்த மோட்டார். பிரொப்பெல்லருக்குக் கீழே உள்ள துடுப்பை ஒரு கை பக்கவாட்டில் தள்ளுகிறது]

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் எங்கே ஆட்டம் என்று கண்டுபிடித்துவிடுங்கள். ஸ்டியரிங்கை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அடித்துடுப்பைத் தள்ளி இழுக்கட்டும். நீங்கள் மேலே மூட்டுகளில் விரல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும்.

[காட்சி: பிராக்கெட் இடைவெளியில் விரல் நுனி, மிக அருகில்]

மோட்டாரைப் படகில் பிடித்திருக்கும் கிளாம்ப் பிராக்கெட், படகின் பின்பலகையோடு உரசி அசைந்தால், கோளாறு பிடிமானத் திருகில் இருக்கலாம், பலகையே உளுத்தும் இருக்கலாம். கிளாம்ப் பிராக்கெட் நிலையாக நின்று, அதற்கு நடுவே உள்ள ஸ்விவல் பிராக்கெட் (மோட்டார் இடம் வலமாகத் திரும்பும் தாங்கி) மட்டும் நகர்ந்தால் டில்ட் டியூப் புஷ் தேய்ந்துவிட்டது. மோட்டார் மேலே எழும்போது அச்சாக இருக்கும் குழாய்தான் டில்ட் டியூப், அதைச் சுற்றியுள்ள வளையம்தான் புஷ். இரண்டும் நின்று, மோட்டாரின் கால் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) மட்டும் ஆடினால், அதிர்வைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கும். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்புதான். "டக்" என்று இரும்பு மோதுகிற சத்தம் வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

[காட்சி: செயின் பிளாக்கில் தொங்கும் மோட்டார்]

பேட்டரியின் நெகட்டிவ், பெட்ரோல் குழாய், ஸ்டியரிங் கேபிள், கியர், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரை இரண்டு பேர் தூக்கலாம். 40 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 100 கிலோ, அதற்குச் செயின் பிளாக் இல்லாமல் கை வைக்காதீர்கள். பவர் டில்ட் (மோட்டாரை மின்சாரத்தால் தூக்கி இறக்கும் வசதி) இருந்தால், மோட்டாரின் எடை முழுவதும் செயினில் ஏறிய பிறகுதான் டில்ட் சிலிண்டரின் பின்னை உருவ வேண்டும். முந்திக்கொண்டால் மோட்டார் சட்டென்று விழும், விரல் போய்விடும்.

[காட்சி: டில்ட் டியூப் முனை, சுற்றிலும் வெள்ளைப் பொடி]

இந்த வெள்ளைப் பொடிதான் வேலையையே இழுத்தடிக்கும். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூப், கூடவே உப்புத் தண்ணீர். அலுமினியம் அரித்துப் பொடியாகும்போது அது ஊதிப் பெருத்து டியூபை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஹீட் கன்னால் பிராக்கெட்டைச் சூடாக்குங்கள். ஸ்டீலைவிட அலுமினியம் அதிகமாக விரியும், பிடி தளரும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கவே கூடாது, நெருப்புச் சுடரும் வேண்டாம்.

நட்டை முழுசாக எடுத்துவிடாமல், டியூப் முனைக்குச் சமமாக நிறுத்திவிட்டு, மேலே மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். பல மோட்டார்களில் ஸ்டியரிங் கேபிள் நட்டு ஏறுவது டியூப் முனையில் உள்ள மரையில்தான். அது நசுங்கினால் டியூபே வீண்.

[காட்சி: புது புஷ், பிராக்கெட் துளைக்குள் செல்கிறது]

துளையைப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இரும்பு பிரஷ்ஷின் துகள் அலுமினியத்தில் ஒட்டினால் அங்கேயே அரிப்பு தொடங்கும். புது புஷ் கச்சிதமாக உட்கார வேண்டும். துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் புது புஷ்ஷும் சீக்கிரமே ஆடும், அப்போது பிராக்கெட்டையே மாற்றுவதுதான் சரி. கிரீஸ் நிப்பிளின் (கிரீஸ் ஏற்றும் முனை) வழியில் கல்லாக இறுகிய பழைய கிரீஸைக் குத்தி எடுத்துவிடுங்கள்.

டியூபில் மெரைன் கிரீஸ் தாராளமாகத் தடவிச் செருகுங்கள். லாக் நட்டு புதிதாக இருக்கட்டும், பழைய நைலான் வளையம் பிடிக்காது. மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். மோட்டார் தடையில்லாமல் எழ வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் புஷ் நசுங்கும், டில்ட் மோட்டாருக்கும் சுமை.

[காட்சி: பழைய ரப்பர் மவுண்ட், பக்கத்தில் புதியது]

ரப்பர் மவுண்டை இடது வலது சேர்த்தே மாற்றுங்கள், முடிந்தால் மேல் கீழ் நான்கையும். ஒன்று மட்டும் புதிதென்றால் சுமை ஒரே பக்கம் சாயும். ரப்பரில் எண்ணெய் படக் கூடாது, வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும்.

பலரும் மறப்பது, பிராக்கெட்டையும் மோட்டாரின் காலையும் இணைக்கும் எர்த் வயர். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தச் சிறு வயரை மாட்டாவிட்டால் பிராக்கெட்டில் உள்ள அனோடு (அரிப்பைத் தானே வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி) மோட்டாரின் காலைக் காக்காது. அனோடின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

[காட்சி: கையால் தூக்கும் மோட்டாரில் ரிவர்ஸ் லாக் கொக்கி]

கையால் தூக்கும் மோட்டார் என்றால், என்ஜினை ஓட்டாமலே ரிவர்ஸ் கியரில் போட்டு காலைத் தூக்கிப் பாருங்கள். எழக் கூடாது. எழுந்தால், அதைத் தடுக்கும் ரிவர்ஸ் லாக் கொக்கியின் நுனி மழுங்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் பின்னால் போகும்போது பிரொப்பெல்லர் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும்.

நிப்பிளில் கிரீஸ் அடியுங்கள், இரு ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை. முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.