கை வேலையில், காது வானொலியில்: 1950களின் பிபிசியில் ஒரு நாள்

அவையோருக்கு வணக்கம்.

பழைய வானொலி என்றாலே குரல்களைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கடிகாரத்தை. 1950களின் நடுவில், பிரிட்டனில் ஒரு வேலைநாள். பிபிசியின் லைட் புரோகிராம், ஐரோப்பாவில் போர் ஓய்ந்த கையோடு 1945 ஜூலை 29 அன்று தொடங்கிய பொழுதுபோக்கு ஒலிபரப்பு. அதன் நிகழ்ச்சி நிரலைக் காலையிலிருந்து இரவு வரை ஓட்டிப் பாருங்கள். அந்தந்த நேரத்தில் கேட்பவரின் கை எதில் இருக்கும் என்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

முதலில் வானொலிப் பெட்டி. உள்ளே இருக்கும் வால்வு என்ற கண்ணாடிக் குழாய் சூடேற அரை நிமிடம் பிடிக்கும், 9.10 நிகழ்ச்சிக்கு 9.09க்கே குமிழைத் திருகியாக வேண்டும். மின்சாரம் எட்டாத கிராம வீடுகளில் வால்வின் இழைக்கு 2 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்று, அதோடு 90 அல்லது 120 வோல்ட் உலர் பேட்டரி ஒன்று. அமில பேட்டரியைக் கடையில் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்றுவார்கள். அதனால் ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று மாற்றி மாற்றி ஓடும். ஒலிபரப்பு டிராய்ட்விச் என்ற ஊரிலிருந்து 1500 மீட்டர் நெடுஅலையில் வந்தது; 700 அடிக் கோபுரங்கள். அது சரியாக எட்டாத இடங்களுக்கு 247 மீட்டர் மத்திய அலை. இருட்டியதும் மத்திய அலையில் ஐரோப்பிய நிலையங்கள் குறுக்கே புகுந்துவிடும். நெடுஅலைக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு.

காலையில் இல்லத்தரசிகளுக்கான நேயர் விருப்பம். பாத்திரம் கழுவும் நேரம், பாதி காதில் விழுந்தால் போதும். அதை விட்டு 10.30க்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நாளின் மிகக் கறாரான தயாரிப்பு அங்கேதான் இருக்கிறது.

‘மியூசிக் வைல் யூ வொர்க்’, அதாவது வேலை செய்பவர்களுக்கான இசை நிகழ்ச்சி. ஆயுதத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடிய 1940இல், ஜூன் 23 அன்று தொடங்கியது. அரை மணி நேரம். இசைக்குழு நேரடியாக வாசிக்கும். நடுவில் அறிவிப்பே கிடையாது, ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். எரிக் கோட்ஸ் எழுதிய அணிநடைதான் முகப்பிசை. இங்கே இசை நயத்தைவிட ஒலி அளவு முக்கியம். மெல்லிய பகுதி வந்தால் கடைசல் இயந்திர இரைச்சல் அதை விழுங்கிவிடும். அதற்காகத் தொழிற்சாலையில் சத்தத்தைக் கூட்டி வைத்தால், அடுத்த உரத்த பகுதியில் ஒலிபெருக்கி கரகரக்கும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு. மெட்டு தெளிவாக மேலே நிற்க வேண்டும். கை ஓய்ந்துபோகும்படியான மந்தமான மெட்டுகளுக்கு இடமில்லை. தாளம் அளவு மீறிப் பிடித்துப்போனாலும் வம்புதான். நடுவில் கைதட்டு வரும் அமெரிக்கப் பாட்டு ஒன்றைத் தடை செய்தார்கள்; தொழிலாளர்கள் கைதட்டுக்குப் பதில் கையிலிருந்த கருவியால் இயந்திரத்தையே தட்டினார்களாம்!

மதியச் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலை உணவகத்திலிருந்தே மேடைக் கலைஞர்கள் பாடுவார்கள், சிரிப்புக் காட்டுவார்கள். 1.45க்குக் குழந்தைகளுக்குக் கால் மணி நேரக் கதை. சரியாக 2 மணிக்குப் பெண்களுக்கான ஒரு மணி நேரம். இந்த ஒட்டு தற்செயல் என்று நான் நம்பவில்லை: குழந்தை கண் அசந்தால் அம்மாவின் காது ஓய்வாகிறது. பிற்பகலில் ஒரு மருத்துவரின் மனைவி எழுதும் நாட்குறிப்பாகத் தொடர் நாடகம். தவறவிட்டவர்களுக்கு மறுநாள் காலையில் மறு ஒலிபரப்பு.

மாலை 6.45. 1951 வரை டிக் பார்ட்டன் துப்பறியும் தொடர். அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தது ‘ஆர்ச்சர்ஸ்’ விவசாயக் குடும்பம். தயாரித்தவர் காட்ஃப்ரே பேஸ்லி. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்த நாடு அது. விளைச்சலைக் கூட்டும் யோசனைகளைக் கதைக்குள் கலந்து கொடுத்தார்கள். 1955 செப்டம்பர் 22 அன்று வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே மாலையில், இந்தத் தொடரில் கிரேஸ் என்ற மருமகளைத் தீ விபத்தில் சாகடித்தார்கள். மறுநாள் ஊர்ப் பேச்சு தொலைக்காட்சியைப் பற்றி அல்ல.

இரவு நகைச்சுவை. இப்போதுதான் கை சும்மா இருக்கிறது, முழுக் கவனமும் கிடைக்கிறது. அதனால் உழைப்பும் இங்கே அதிகம். பக்கத்து ஒலிபரப்பான ஹோம் சர்வீஸில் ‘கூன் ஷோ’: ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப். பார்வையாளர் முன்னிலையில் லண்டன் கேம்டன் தியேட்டரில் பதிவு நடக்கும். மைக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். காந்த முனைகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாய் ஒரு மெல்லிய அலுமினியப் பட்டை. முன்னும் பின்னும் கேட்கும். இரு பக்கவாட்டிலும் செவிடு. பாத்திரம் அறையை விட்டுப் போக வேண்டுமானால் நடிகர் ஓட வேண்டியதில்லை. செவிட்டுப் பக்கமாக இரண்டடி நகர்ந்தால் குரல் தூரம் போய்விடும். ரொம்ப நெருங்கினாலோ அடிக்குரல் வீங்கும். ‘ப’ எழுத்தை ஊதிச் சொன்னால் பட்டை உதறி ‘டப்’ என்று கேட்கும். வசனத் தாள்களைப் பின் ஊசியால் கோப்பதில்லை. படித்த தாளைச் சரசரக்காமல் கைநழுவ விடுவார்கள்.

கதவு, பூட்டு, காலடி போன்றவற்றை ஒரு ஆள் மேடையிலேயே செய்வார். வெடி, ரயில் போன்றவை இசைத்தட்டில். ஊசி இறங்க வேண்டிய வரியைத் தட்டின் மேல் மெழுகுப் பென்சிலால் குறித்து வைப்பார்கள். அரங்கில் இதற்கென்றே ஒரு ஆபத்து உண்டு. கதவுக்காரர் கை ஓங்குவதைப் பார்த்துப் பார்வையாளர் முன்கூட்டியே சிரித்துவிட்டால், வீட்டில் இருப்பவருக்குக் காரணமில்லாத சிரிப்பு மட்டும் கேட்கும். நாடாவில் பதிந்தால் அதைப் பிளேடால் வெட்டி எடுக்கலாம்: நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, இரண்டு நொடிச் சிரிப்பு என்றால் 30 அங்குலம். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும். நேர்வெட்டு போட்டால் ஒட்டிய இடம் ‘டிக்’ என்று காட்டிக்கொடுக்கும்.

நேரடி ஒலிபரப்பில் இந்த வசதி இல்லை. சிரிப்பு எவ்வளவு நீளும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தயாரிப்பாளர் ஒத்திகையிலேயே பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் நேரம் குறித்துக்கொள்வார். தேவைப்பட்டால் விட வேண்டிய வரிகளையும் முன்பே அடையாளமிட்டு வைப்பார். முடிவிசை இசைத்தட்டில் இருந்தால் இன்னொரு வழி. அது 2 நிமிடம் 10 நொடி என்றால், மணி அடிக்கச் சரியாக அவ்வளவு நேரம் இருக்கும்போது ஒலியை மூடிவைத்துத் தட்டைச் சுழல விடுவார்கள். பேச்சு எப்போது முடிகிறதோ அப்போது ஒலியைத் திறப்பார்கள். இசையின் தொடக்கம் போனாலும் முடிவு மணியோடு வந்து சேரும். பேச்சாளர் அதையும் தாண்டி இழுத்தால் நேரம் காட்டும் கிரீனிச்சின் ஆறு ‘பிப்’ ஒலிகளும் அவர் வாக்கியத்தின் மேலேயே விழும்.