கடைசியாக உங்களைப் பாராட்டியது யார்?

வணக்கம் நேயர்களே.

கடந்த ஏழு நாளில், உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு யாராவது "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று சொன்னார்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இது என் கேள்வி அல்ல. கருத்துக்கணிப்பு நடத்தும் அமெரிக்க நிறுவனமான கேலப் ஊழியர்களிடம் கேட்கும் 12 கேள்விகளில் நான்காவது, ஏறக்குறைய இதுதான். அந்த 'ஏழு நாள்' என்பதில்தான் சூட்சுமம். "நிறுவனம் உங்களை மதிக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால், சம்பளம் உயர்ந்த வாரத்தில் ஒரு பதிலும் திட்டு வாங்கிய நாளில் வேறொரு பதிலும் வரும். ஏழு நாள் என்று எல்லை போட்டுவிட்டால் மனசு நிஜமாகவே நடந்ததைத் தேட ஆரம்பிக்கிறது.

பதிலை 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாகக் கேட்பது வழக்கம். ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் 1932இல் முன்வைத்த அளவுகோல் அது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. சிக்கல் சராசரி எடுக்கும்போதுதான். பத்துப் பேரும் 3 போட்டால் சராசரி 3. ஐந்து பேர் 5, ஐந்து பேர் 1 போட்டாலும் அதே 3. முதல் இடத்தில் எல்லோரும் ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் கருத்துக்கணிப்பு நடத்தி, சராசரி நன்றாக இருக்கிறது என்று மேலாளரிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஷிப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பகல் ஷிப்ட் தூக்கி நிறுத்தியிருந்தது. இரவு ஷிப்ட் படுத்துக் கிடந்தது. ஒரு தாளின் கீழே பென்சிலில் எழுதியிருந்தார்கள்: "நாங்க வேலை முடிச்சுப் போகும்போது ஆபீஸ்ல லைட்டே எரியாது. யார் பார்க்கிறது?"

அந்த ஒரு வரி என் விளக்கப்படங்கள் எல்லாவற்றையும் விடக் கனமாக இருந்தது. அமெரிக்காவின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. தொழிலாளர்களை 20,000க்கும் மேற்பட்ட முறை பேட்டி கண்டார்கள். முதலில் தயாரித்து வைத்த கேள்விகளோடு போனார்கள்; தொழிலாளர்களோ கேள்வியை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைப் பேசினார்கள். கடைசியில் பேட்டி எடுத்தவர்கள்தான் மாறிக்கொண்டார்கள், தொழிலாளர்களை அவர்கள் போக்கிலேயே பேச விட்டார்கள்.

மனம் விட்டுப் பேசப் பயம் இருக்கக் கூடாது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வயது, துறை, எத்தனை வருட அனுபவம் என்று கேட்கும் படிவங்கள் உண்டு. மூன்று பேர் இருக்கும் பிரிவில் அதற்குப் பெயரையே கேட்டுவிடலாம்! ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாமல் இருப்பது நல்லது.

அந்தத் தொழிற்சாலை மேலாளர் முதலில் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரில் போட்டோ மாட்டப் போனார். வேண்டாம், விடியற்காலையில் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்றேன். வந்தார், விடாமல் வந்தார். அடுத்த கணிப்பில் இரவு ஷிப்டின் மதிப்பெண் ஏறியிருந்தது. அதே பென்சில் எழுத்து என்றுதான் நினைக்கிறேன்: "இப்பல்லாம் வர்றாரு. இன்னும் எல்லாரையும் 'தம்பி'ன்னுதான் கூப்பிடறாரு. எங்க பேர் தெரியுமான்னு அடுத்த தடவை அவரைக் கேளுங்க."

அந்தக் கேள்வியையும் படிவத்தில் சேர்த்துவிட்டேன். மேலாளர்களுக்கான படிவத்தில்.