எண்ணம் யாருக்கு எழுந்தது?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தியானம் என்றால் எண்ணங்களை அடித்து விரட்டுவது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணை மூடி அமர்ந்த மறுகணமே வீட்டு வாடகையும், பிள்ளையின் தேர்வும், நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல்லும் வரிசைகட்டி வந்து நிற்க, 'நமக்கு இது சரிப்பட்டு வராது' என்று எழுந்துவிடுகிறோம். அப்படி எழுந்துவிடுகிறவர்களை மனத்தில் வைத்தே, ரமண மகரிஷி காட்டிய ஆன்ம விசாரணையை, அதாவது 'நான் யார்?' என்று தனக்குள்ளேயே நாடும் வழியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

1896 ஜூலையில், மதுரையில் தம் சிற்றப்பாவின் வீட்டு மாடியில் தனித்திருந்த வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவரை, பின்னாளில் ரமண மகரிஷியானவரை, மரண பயம் திடீரெனப் பற்றியது. உடலில் நோய் ஏதுமில்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, 'இந்த உடல் இறந்தால் நானும் இறந்துவிடுவேனா?' என்று தமக்குள்ளேயே நோக்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், 1950இல் உடல் நீங்கும்வரை அங்குள்ள அருணாசல மலையை விட்டு அகலவேயில்லை.

அவர் அம்மலையிலுள்ள விருபாட்ச குகையில் பேசாதிருந்த காலத்தில், வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேட்ட கேள்விகளுக்கு விடைகளை எழுதிக் காட்டினார். அவற்றின் சாரம் இதுதான்: ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னே போகாமலும், அதனோடு மல்லுக்கட்டாமலும், 'இது யாருக்கு எழுந்தது?' என்று கேட்க வேண்டும். 'எனக்கு' என்று தோன்றும். 'அந்த நான் யார்?' என்று நாடினால், மனம் தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். கவனிப்பாரற்ற எண்ணமும் அடங்கும். இதைச் செபம்போல் உருப்போடுவதிலோ, 'நான் சிவம்' என்று நாமாகவே ஒரு விடையைச் சொல்லிக்கொள்வதிலோ பயனில்லை. நூறு எண்ணங்கள் எழுந்தால் நூறு முறையும் சலிக்காமல் திரும்புவதையே நான் அகவொழுக்கம் என்பேன். ஊரார் வயலில் மேய்ந்து பழகிய மாட்டைப் புல்லைக் காட்டித் தொழுவத்துக்குப் பழக்குவதுபோல், மனத்தையும் பையப் பையத்தான் உள்ளே திருப்ப முடியும் என்று மகரிஷியே கூறியிருக்கிறார்.

மூச்சுப் பயிற்சியை அவர் தள்ளிவிடவில்லை. ஆயினும் மூச்சு அடங்கியிருக்கும்வரையில்தான் மனமும் அடங்கியிருக்கும் என்று அதன் எல்லையைச் சொன்னார். நியமங்களுள் சிறந்ததாக அவர் குறித்தது, சாத்துவிகமான, அதாவது மனத்தை அமைதியாக வைக்கும் உணவை அளவோடு உண்பதை.

குடும்பத்தையும் வேலையையும் விட்டால்தான் இது கைகூடுமோ என்ற ஐயம் நேயர்களுக்கு எழலாம். இல்லறத்தை விட்டு வரட்டுமா என்று கேட்டவர்களை அவர் பொதுவாகத் தடுத்தே அனுப்பினார். அவரே விடியுமுன் எழுந்து, ஆசிரமத்துச் சமையற்கட்டில் மற்றவர்களோடு அமர்ந்து காய் நறுக்கினார், துவையல் அரைத்தார். விசாரணை தமக்குக் கைவரவில்லை என்று வருந்தியவர்களுக்கோ இறைவனிடம் முழுச் சரணாகதியைச் சமமான மார்க்கமாகக் காட்டினார். அருணாசலத்தை வலம் வருமாறும் பலரை ஊக்கினார்.

வணக்கம்.