துணை நாயனம் இல்லாமல் வாசித்தது ஏன்?

கும்பகோணத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு, ஆறு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட நாயன (நாதஸ்வர) இசைத்தொகுப்பில் துணை நாயனம் இல்லாமல் தாங்கள் மட்டும் வாசித்திருக்கிறீர்களே, கூட வாசித்தவரோடு மனத்தாங்கலா?"

மனத்தாங்கல் எதுவும் இல்லை. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன்தான் காரணம்.

நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தில் இரண்டு நாயனம் வாசிப்பதும், ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதும் நம் தஞ்சைச் சீமையில் எல்லோரும் அறிந்ததே. நான் குடித்த காலத்தில் இந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கையில் எனக்குத் தம் நிற்காது, விரல் நடுக்கத்தில், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் சிதறும். அவர் அந்தச் சங்கதியை உடனே தாம் வாங்கிக்கொண்டு, என் குறை கேட்பவர் காதில் விழாதபடி முடித்துவிடுவார். பாராட்டும் சால்வையும் எனக்கு வந்தன.

குடியை நானாகவே ஒரே நாளில் நிறுத்தி, இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று இதைக் கேட்கும் குடும்பங்களை வேண்டிக்கொள்கிறேன்.

மீண்ட பிறகு மூச்சைவிட உதடுதான் என்னை வருத்தியது. நாயனத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். மற்ற ஸ்வர பேதங்களெல்லாம் துளையைப் பாதி மூடுவதிலும், ஊதுமுனையான சீவாளியை உதடு கவ்வும் அழுத்தத்திலும், ஊதும் வேகத்திலுமே பிறக்க வேண்டும். முதல் சில மாதங்கள் நாயனத்தைத் தொடவே இல்லை. விடியற்காலையில் சீவாளியை மட்டும் நனைத்து, கொறுக்கை என்ற நாணல் தட்டையால் ஆன அதன் வாய் விரிந்திருந்தால் இரு விரலால் மெல்ல அமுக்கி, உதட்டில் வைத்து, ஒரே ஒலி அசையாமல் நிற்கிறதா என்று ஊதிப் பார்ப்பேன். நான்கு எண்ணுவதற்குள் உதடு தளர்ந்து காற்று ஓரமாகக் கசியும்.

ஆகவேதான் இந்தத் தொகுப்பில், என் மூச்சு எங்கே தீர்கிறதோ அங்கே ஒலியும் தீரட்டும் என்று முடிவு செய்தேன். தோடி ஆலாபனையில், மேல் ஸட்ஜத்தில் நிற்க முயன்று இறங்கிவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. வெட்டி ஒட்டித் தருவதாக ஒலிப்பதிவாளர் சொன்னபோதும் நான் வேண்டாம் என்றேன்.

கூட வாசித்தவர் ஒலிப்பதிவுக்கு வந்திருந்தார். மல்லாரியில் தவிலோடு கேட்கும் தாளம் அவர் போட்டது.