இரணைமடு ஏன் 'டாங்க்'?

(கிளிநொச்சியில் வாசிப்பு மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலச் சொல் ஒன்றின் பிறப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். எந்தச் சொல் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. வன்னியில் வாழ்கிறவர்களுக்கு 'டாங்க்' என்பதைவிட நெருக்கமான ஆங்கிலச் சொல் வேறு எது? இரணைமடுக் குளத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது அது. வீட்டு முற்றத்தில் தூண்களின் மேல் நிற்கும் நீர்த்தாங்கியும் அதுதான். யுத்தத்தில் சரிந்து, பின்னர் ஏ9 வீதியோரம் காட்சிப் பொருளாகக் கிடந்ததே, அந்தப் பெரிய நீர்த்தாங்கியும் அதுதான். இரும்புச் சங்கிலியில் உருண்டு வந்த போர் வாகனமும் அதுதான். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் குளத்தைப் பார்ப்போம். இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் 'இரணைமடு டாங்க்' என்று சொன்னால், அவர் மனத்தில் ஓர் இரும்புத் தொட்டிதான் வரும். நீண்ட அணைக்கட்டு, வான்கதவு, துருசு, அதன் கீழே விரியும் காலபோக வயல் எதுவும் வராது. குளத்தை டாங்க் என்று சொல்வது பெரும்பாலும் இலங்கையிலும் இந்தியாவிலும் வளர்ந்த ஆங்கிலம். டெக்சாஸ் பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டையையும் அப்படிச் சொல்வார்களாம், அது இருக்கட்டும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேற்கு இந்தியாவுக்கு வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயரின் எழுத்துகளில் இது தென்படுகிறது. குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர் சேமிக்கும் தொட்டிக்கு 'டாங்கி' என்ற சொல் உண்டு. அதற்கு மூலம் சமஸ்கிருதத்தின் 'தடாக' ஆக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. அது சரியென்றால், நம் செய்யுள்களில் தாமரையோடு வரும் தடாகமும் டாங்க்கும் உறவினர்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. போர்த்துக்கேய மொழியில் 'தாங்க்கே' என்றால் குளம். இலத்தீனில் தேங்கி நிற்கும் நீருக்கு 'ஸ்டாக்னம்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் குளத்தை 'எத்தாங்' என்பதும் அந்த வழிதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பயணத்தின் குறிப்பேட்டிலேயே கோயிற் குளத்துக்கு இந்தப் போர்த்துக்கேயச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. கப்பலை விட்டு இறங்கியவர்கள் அதற்குள் குஜராத்தி படித்திருப்பார்களா? சொல்லைத் தங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று இந்தத் தரப்பு வாதிடுகிறது. நமக்கு அலுமாரியையும் சப்பாத்தையும் வாங்கையும் தந்தவர்கள் ஆங்கிலேயருக்கு டாங்க்கைத் தந்திருந்தால் வியப்பில்லை.

1886இல் வெளிவந்த ஆங்கில-இந்தியச் சொல் அகராதியைத் தொகுத்த யூல், பர்னல் இருவரும், இதை இரட்டைப் பிறப்புக் கொண்டதாகத் தோன்றும் குழப்பமான சொற்களில் ஒன்றாகவே குறித்தார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஒரே துறைமுகத்தில் ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய இரண்டு சொற்கள் புழங்கினால், மூன்றாவதாக வந்த ஆங்கிலேயன் எதைக் காதில் வாங்கினான் என்று எப்படிப் பிரிப்பது?

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "ஐயா, தாங்கு என்ற தமிழ் வினையிலிருந்து தாங்கி; தாங்கியிலிருந்து டாங்க்" என்று சொல்வார். எந்தக் கூட்டத்திலும் சொல்கிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. சுமைதாங்கி பழைய சொல்தான். நீர்த்தாங்கியும் நல்ல சொல்தான். ஆனால் ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது என்று சொல்ல, யார், எந்த ஆண்டில், எந்த ஏட்டில் அப்படி எழுதினார் என்று காட்ட வேண்டும். ஒலி ஒத்திருப்பது சாட்சி ஆகாது. தமிழ்ப் பற்று உள்ளவர்கள்தாம் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இலங்கை சம்பந்தமான சாட்சி ஒன்று தருகிறேன். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1679இல் அநுராதபுரம் வழியாக அருவியாற்றைப் பிடித்து நடந்து மன்னாரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் வட பகுதிக் குளங்களைப் பற்றி எழுதுகிறார். ஊற்றும் ஆறும் குறைந்த இடங்களில், பிறை வடிவில் பெரிய கரை கட்டி மழைநீரைத் தேக்குகிறார்கள். குளம் நிரம்பிவிட்டால் நெல் களஞ்சியத்துக்கு வந்ததுபோல்தான் என்று நினைக்கிறார்கள் என்கிறார். நம் கமக்காரர் பேச்சை அப்படியே பிடித்திருக்கிறார், பாருங்கள்! ஆனால் அந்தப் பகுதியில் அவர் எழுதிய சொல் 'பொண்ட்'. அது ஊர்க் குட்டைக்கும் பொருந்தும் சாதாரண ஆங்கிலச் சொல். பிறகு வந்த ஆங்கில அதிகாரிகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் 'டாங்க்' என்றே எழுதி எழுதி, இந்த நாட்டில் அதை நிலைநிறுத்திவிட்டார்கள்.

இனிப் போர் வாகனம். முதலாம் உலக யுத்தத்தில், 1915இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வில்லியம் ஃபொஸ்டர் கம்பனி இதை உருவாக்கியது. அந்தக் கம்பனியின் பழைய தொழில் என்ன தெரியுமா? கமத்தொழில் இயந்திரங்கள், சூடடிக்கும் இயந்திரங்களும் செய்தவர்கள். திட்டம் இரகசியம் என்பதால், மெசப்பொத்தேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி செய்கிறோம் என்று கதை பரப்பினார்கள். 'தண்ணீர் காவி' என்று பெயர் வைக்கலாம் என்றால், ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் டபிள்யூ, சீ. கழிவறையையும் ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளால்தான் சொல்வார்கள். திட்டத்தை நடத்தும் குழுவைக் கழிவறைக் குழு என்று சிரிப்பார்களே என்று விட்டுவிட்டு, 'டாங்க்' என்று வைத்ததாகச் சொல்வார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முறையாகக் களமிறங்கியது. இரகசியம் அன்றோடு முடிந்தது, பொய்ப்பெயர் நிலைத்துவிட்டது. ஜெர்மானியர் 'பான்சர்' என்று தங்கள் சொல்லை வைத்துக்கொண்டார்கள். ரஷ்யரும் வேறு பலரும் ஆங்கிலப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் டாங்கி என்று எழுதுகிறோம்.

கையில்லாத பெனியனை 'டாங்க் டாப்' என்கிறீர்களே பிள்ளைகளே, அது நீச்சற்குளத்துக்குப் போடும் உடையின் பெயரிலிருந்து வந்தது. அங்கும் தண்ணீர்தான்.

கடைசியாக மன்னார்ப் பக்கம் போவோம். கட்டுக்கரைக் குளத்துக்கு ஆங்கிலத்தில் 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்று பெயர். அருவியாற்று நீரை அதற்குத் திருப்பிவிடுவது தேக்கம் அணைக்கட்டு. ஆங்கில வரைபடங்களில் இதை 'தேக்கம் அனிகட்' என்று எழுதியிருப்பார்கள். ஆங்கில அகராதியை எடுத்து 'அனிகட்' என்ற சொல்லைப் பாருங்கள். அங்கே இரட்டைப் பிறப்பு இல்லை, வழக்கும் இல்லை. தமிழ், அணைக்கட்டு என்று போட்டிருக்கிறார்கள்.