கட்டத்துக்குள் ஒரு கபடி வீரன்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மைக் தகராறு செய்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு இல்லாத பட்டங்களையெல்லாம் வரவேற்புரையில் வாரி வழங்கிய செயலாளர் அவர்களே, இந்தக் கட்டடத்துக்குக் கூரை மாற்றிக் கொடுத்த நகர்மன்ற முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே (அம்மா, நீங்கள் கடைசி வரை இருக்க வேண்டும், உங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது), முன்வரிசையில் செல்போனை அணைத்து வைத்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் அணைக்காத இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்கித் தாருங்கள். என் ஓவிய வகுப்புக்கு ஆகும்.

தலைப்பு, பிக்சல் ஆர்ட்டில் மனித உருவம். சின்னச் சின்னச் சதுரங்களை ஒவ்வொன்றாக நிரப்பி வரைகிற படம்தான் பிக்சல் ஆர்ட். பழைய வீடியோ கேம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். கோட்டின் கனம், உருவம் நிற்கிற தினுசு, நிறம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இந்த மூன்றில் எது சுவர், எது சித்திரம் என்பதுதான் பேச்சு.

முதலில் கோடு. காகிதத்தில் தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும். திரையில் அந்த வசதி இல்லை. மிக மெல்லிய கோடு ஒரு கட்டம். அடுத்தது இரண்டு கட்டம். ஒன்றரை என்று ஒன்று கிடையாது. 32 கட்டம் உயரமுள்ள ஓர் ஆளுக்குக் கையின் அகலமே மூன்று, நான்கு கட்டம்தான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கட்டத்துக்குக் கறுப்புக் கோடு போட்டால் கை எங்கே இருக்கும்? வெறும் கோடுதான் இருக்கும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? பாரம் விழுகிற இடத்தில் மட்டும் தடிப்பாக விடுகிறார்கள். ஊன்றிய பாதத்தின் அடி, அக்குள், வேட்டி மடிப்பு இப்படி. வெளிச்சம் படுகிற தோளில் கறுப்பை எடுத்துவிட்டு, தோல் நிறத்திலேயே கொஞ்சம் அடர்ந்த நிறத்தைக் கோடாக வைக்கிறார்கள். அகலம் அதே ஒரு கட்டம்தான், ஆனால் கண்ணுக்கு மெலிந்து தெரியும். சில இடத்தில் கோட்டை அறுத்தே விட்டுவிடுவார்கள். மிச்சத்தைப் பார்ப்பவர் கண் இழுத்து முடித்துக்கொள்ளும்.

வளைவு இன்னொரு தொல்லை. படி வைத்துத்தான் வளைக்க முடியும். ஐந்து கட்டம், மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒழுங்காகக் குறைந்துவந்தால் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். ஐந்து, இரண்டு, மூன்று, ஒன்று என்று போட்டால் முதுகில் கட்டி வந்த மாதிரி இருக்கும். கையால் இழுக்கும்போது படி திரும்புகிற மூலையில் ஒரு கட்டம் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் மட்டும் வீங்கித் தெரியும். ஏஸ்ப்ரைட் போன்ற மென்பொருளில் அதைத் தானாக நீக்க ஒரு வசதி உண்டு. நான் முதல் மாதம் அதைத் தொடவிடுவதில்லை. கையே கண்டுபிடித்து அழிக்கட்டும்.

வெறும் கறுப்பு வெள்ளையிலேயே இதைச் சாதித்தவர் சூசன் கேர். 1984இல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்கு, 32க்கு 32 கட்டத்தில் சின்னங்கள் வரைந்த பெண்மணி. அந்தத் திரையில் சாம்பல் நிறமே கிடையாது. புள்ளி ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை. தலைவாரும் ஒரு ஜப்பானியப் பெண்ணை ஹாஷிகுச்சி கோயோ 1920இல் மர அச்சாக வெளியிட்டிருந்தார். அதை அந்தத் திரையில் கேர் மறுபடி வரைந்தார். கணினியில் படம் வரையலாம் என்பதற்கே விளம்பரமாகிப் போனது அந்தப் படம். மவுஸ் வந்த பிறகு அவருக்குக் கலை வந்துவிடவில்லை. கலை படித்து, நுண்கலையில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வந்தவர். சுவர் முன்னாலேயே இருந்தது.

சரி, நிற்கிற தினுசுக்கு வருவோம். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் மணியைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

என்னிடம் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பெண் வருகிறாள். கபடி வீரனை வரைந்திருந்தாள். சுற்றிலும் கச்சிதமான கறுப்புக் கோடு, பனியனில் நம்பர், எல்லாம் சுத்தம். அன்றைக்குப் பேரனைக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வந்தார். அந்தக் காலத்தில் சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் தூரிகையை ஓரங்கட்டியவர். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இவன் கபடி ஆடுறானா, பஸ்ஸுக்கு நிக்கிறானா?” என்றார்.

பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். பெஞ்சைக் காலால் தள்ளினார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை நீட்டி, “கபடி கபடி கபடி” என்று ஆரம்பித்துவிட்டார். பக்கத்துத் தையல் கடைக்காரர் அடிதடி என்று நினைத்து இஞ்ச் டேப்போடு ஓடிவந்தார். பேரன் வெட்கத்தில் மேசைக்கு அடியில் போய்விட்டான். பெரியவர் அசையவில்லை. மூச்சு விடாமல், விரலால் தன் பின்னங்காலைக் காட்டுகிறார், பிறகு நீட்டிய கையைக் காட்டுகிறார். பாரம் எங்கே, பாய்ச்சல் எங்கே என்று சொல்கிறாராம். பாடுவதை நிறுத்தினால் அவுட் ஆகிவிடுவார் இல்லையா! கடைசியில் தையல் கடைக்காரர் அவரைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தார். “நாங்களும் கட்டம் போட்டுத்தாம்மா வரைஞ்சோம். சின்ன போட்டோவுல கட்டம், பெரிய துணியில கட்டம். கட்டம் அளவைத்தான் சொல்லும். ஆளு எப்படி நிக்கிறான்னு ஆளைப் பார்த்துத்தான் தெரியணும்” என்றார்.

அந்தப் பெண் பாதி படத்தை அழித்தாள். தலையை மூன்று கட்டம் முன்னே நகர்த்தினாள், இடுப்பை இரண்டு கட்டம் இறக்கினாள். பின்னங்கால் குதிகாலிலிருந்து நீட்டிய விரல் வரை ஒரே வளைவு. குதிகாலடியில் கோடு இரண்டு கட்டம், முதுகில் ஒன்று, நீட்டிய முன்னங்கையில் கறுப்பே இல்லை, அடர்ந்த பழுப்பு மட்டும். விரல் நுனி ஒரே ஒரு வெளிர் கட்டம். பனியன் நம்பர் போயே போச்சு, இடமில்லை. ஆனால் இப்போது எதிராளியைத் தொடப்போகிறான் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. கோட்டின் கனம் அலங்காரத்துக்காக இல்லை, உடம்பின் பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே கனம். இதைப் புத்தகம் வைத்து எத்தனை வாரம் சொன்னாலும் ஏறாது. எனக்கு அந்தப் பெரியவர் மேல் இன்னும் பொறாமைதான்.

அமெரிக்காவில் ஜோர்டன் மெக்னர் என்பவரும் இதைத்தான் செய்தார். 1989இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டுக்காகத் தன் தம்பிக்கு வெள்ளை உடுப்பு மாட்டி, ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்தார். அந்த அசைவுகளை நிழலுருவமாக்கிக் கணினியில் ஏற்றினார். முகத்தில் கண் மூக்கு இல்லாத அந்த ஆள் விளிம்பில் தொங்கும்போது நமக்கு உள்ளங்கை வேர்க்கும். வீடியோ கேம் நாயகன் மாரியோ அதற்கும் மூத்தவர், 1981. வாய் வரைய இடமில்லாததால் மீசை, முடி வரைய முடியாததால் தொப்பி, கை வீச்சு தனியாகத் தெரிவதற்காக உடுப்பில் நிற வேறுபாடு. மாரியோவை வரைந்த ஜப்பானியர் மியாமோட்டோ தொழில்துறை வடிவமைப்பு படித்தவர். சுவர், ஐயா, சுவர்!

கல்வி அலுவலர் அம்மா, இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். நம் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது, இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஓவியப் பாடவேளை எங்கே? அட்டவணையில் இருக்கும். செவ்வாய்க்கிழமை கடைசிப் பிரிவேளை. அதைக் கணக்குப் பாடம் கடன் வாங்கிக்கொள்ளும், பரீட்சை நெருங்கினால் அறிவியல் வாங்கிக்கொள்ளும். திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் ஆக்குங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓவிய ஆசிரியரைப் பகுதி நேரமாக வைத்துவிட்டு, கேம் டிசைன், அனிமேஷன், உலகச் சந்தை என்று மேடையில் பேசினால் எப்படி? சுவரில் பாதியைக் கட்டிவிட்டுச் சித்திரம் கேட்கிறோம்.

நிறத்தைப் பற்றி மூன்றாவதாகச் சொல்கிறேன் என்றேன். தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், அதை விட்டுவிடுகிறேன். நிறம் குறைவாக வையுங்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு.

வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு ஓவியப் பாடவேளை, அதை வேறு எந்தப் பாடத்துக்கும் மாற்றக் கூடாது என்பதுதான் கோரிக்கை. கையெழுத்துப் போடுகிறவர்கள் பிள்ளை படிக்கிற பள்ளியின் பெயரையும் எழுதுங்கள். பேனா நூலகத்துடையது, தயவுசெய்து வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.