ஏழு சதமா, எட்டுச் சதமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு குறைவு. கனடாவிலிருந்து பேசும் மருமகன், "மாமா, அமெரிக்காவில் சதக்கணக்கில் விற்கும் பங்கு வாங்கினேன், இன்று மட்டும் 14 வீதம் ஏறிவிட்டது" என்கிறார். அந்த 14 வீதம் எங்கிருந்து வந்தது?

கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்குபவர் கட்டளையையும் விற்பவர் கட்டளையையும் கணினி நேரடியாகப் பொருத்துகிறது. அமெரிக்காவின் எந்தப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்படாமல் தரகர்கள் வழியே கைமாறும் ஓ.ரி.சி. பங்குகளில் நடுவே சந்தை உருவாக்குநர் என்ற நிறுவனம் நிற்கும். 7 சதத்துக்கு வாங்குவேன், 8 சதத்துக்கு விற்பேன் என்று இரண்டு விலை சொல்லும். இடைவெளிதான் அதன் பிழைப்பு. ஒருவர் விற்றால் கடைசி விலை 7. இன்னொருவர் சிறிதளவு வாங்கினால் 8. கம்பனியில் ஒரு துரும்பும் அசையவில்லை. திரையில் 14 வீத ஏற்றம்! மருமகன் விற்கப் போனால் கைக்கு வருவது அதே 7.

"நடுவில் ஏழரைச் சதம் கேட்கிறேன்" என்றால்? அங்கேதான் சிறியவர் அடிபடுகிறார். ஃபின்ரா என்ற ஒழுங்குமுறை அமைப்பின் விதிப்படி, 10 சதத்துக்குக் குறைந்த பங்குக்கு விலை சொல்லும்போது குறைந்தது 10,000 பங்குகளுக்குச் சொல்ல வேண்டும். அதைவிடச் சிறிய கட்டளையைச் சந்தைக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை. பெரும்போக அறுவடையில் இரண்டு மூட்டை நெல்லுக்காக எந்த லொறி களத்தடியில் நிற்கிறது? உங்கள் ஏழரைச் சதம் யார் கண்ணிலும் படாமலே கிடக்கலாம்.

நூறு நூறு பங்காக நடக்கும் வியாபாரங்கள் சந்தை உருவாக்குநர்களுக்கிடையிலான இரகசியச் சமிக்ஞை என்றொரு கதையும் உலவுகிறது. நான் நம்பவில்லை. பெரிய கட்டளை துண்டு துண்டாக நிறைவேறும்போது அப்படிச் சில்லறை விழுவது இயல்பு. வாடிக்கையாளரின் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தை உருவாக்குநர் தனக்காக முந்தி வாங்குவதை விதி தடுக்கிறது. இடைவெளியை எடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. சிறிய முதலீட்டைக் கரைக்க அதுவே போதும்.

ஆகவே, விலை வரம்பு குறிப்பிடாமல் கட்டளை கொடுக்க வேண்டாம். கம்பனி தன் கணக்கு விவரங்களை வெளியிடுகிறதா என்றும் பாருங்கள். 2021 செப்டெம்பர் முதல், அவ்வாறு வெளியிடாத பல கம்பனிகளின் விலைகள் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீங்கிவிட்டன. அவற்றைப் புதிதாக வாங்குவதற்குப் பல தரகு நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்க மட்டுமே முடியும், அதுவும் வாங்க ஆள் இருந்தால்.